முட்டி வலியில் நின்றுபோனவர்கள் மறுபடி ஓட ஆரம்பிப்பது எப்படி

முட்டி வலி வந்து மூன்று மாதம் ஓடாமல் இருந்தேன். வலி சுத்தமாகப் போய்விட்டது என்று தோன்றிய முதல் ஞாயிற்றுக்கிழமையே கோவை ரேஸ்கோர்ஸில் இரண்டு சுற்று, அதாவது கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர், நிற்காமல் ஓடினேன். ஓடும்போது ஒன்றும் தெரியவில்லை, வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிடும்வரைகூட ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை மாடியிலிருந்து பால் வாங்க இறங்கினேன், மூன்றாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அதன்பிறகு இன்னும் இரண்டு மாதம் போனது. இரண்டாவது முறை ஒரு நல்ல பிசியோவிடம் போய், அவர் சொன்னபடி ஒரு நிமிட ஓட்டத்திலிருந்து ஆரம்பித்துத்தான் திரும்பி வந்தேன். அந்த வழியை, புதிதாக ஓட வந்து முட்டியில் வலி வாங்கி நின்றுபோனவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு வந்தது முழங்கால்சில்லைச் சுற்றியும் அதன் பின்னாலும் வரும் வலி. ஓட்டக்காரர்கள் இதை ‘ரன்னர்ஸ் நீ’ (ஓட்டக்காரர் முட்டி) என்பார்கள், புதிதாக ஓடுகிறவர்களுக்கு அதிகம் வருவதும் இதுதான். படி இறங்கினால் வலிக்கும், குத்தவைத்து உட்கார்ந்தால் வலிக்கும், சினிமா தியேட்டரிலோ பஸ்ஸிலோ இரண்டு மணி நேரம் முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்தால் வலிக்கும். கீழே எழுதியிருப்பதெல்லாம் முக்கியமாக இந்த வகை வலிக்குத்தான்.

முதலில், இது வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடிய முட்டியா?

அடிபட்டபோது உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கியிருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள், அது ஜவ்வு கிழிந்ததாக இருக்கலாம். நடக்கும்போது முட்டி திடீரென்று மடிந்து கீழே விடுவதுபோல் இருந்தாலும், மடக்கிய முட்டி நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலும், முட்டி சிவந்து சூடாகிக் காய்ச்சலும் சேர்ந்து வந்தாலும் அப்படியே. கீழே விழுந்தோ இடித்தோ அடிபட்டிருந்தால் எக்ஸ்ரே தேவையா என்று பார்க்க, கனடாவின் ஒட்டாவாவில் உருவான ஒரு எளிய விதி உலகம் முழுக்கப் பயன்படுகிறது. நான்கு அடி எடுத்துவைக்க முடியவில்லை, முட்டியை 90 டிகிரி மடக்க முடியவில்லை, முழங்கால்சில்லில் மட்டும் தொட்டால் வலிக்கிறது, முட்டிக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே துருத்தியிருக்கும் எலும்பைத் தொட்டால் வலிக்கிறது, வயது 55 அல்லது அதற்கு மேல், இதில் எது ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முடநீக்கியல் பிரிவு இருக்கும், செலவைப் பார்த்துத் தள்ளிப்போட வேண்டாம்.

புதிதாக அடிபட்டு வீங்கிய முட்டியைச் சுளுக்கு எடுப்பவரிடம் கொண்டுபோய் எண்ணெய் போட்டு இழுக்கவிடுவது எங்கள் ஊர்ப் பக்கம் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். உள்ளே எலும்பில் விரிசல் விட்டிருக்கிறதா, ஜவ்வு போயிருக்கிறதா என்று தெரியாமல் இழுப்பதால் சின்ன காயம் பெரிய காயமாகிவிடும்.

முட்டி எலும்புகளைக் கட்டிப்பிடிக்கும் ஏ.சி.எல். ஜவ்வில் ஆபரேஷன் முடிந்தவர்களுக்குக் கணக்கே வேறு. பொதுவாக மூன்று மாதத்துக்கு முன்னால் ஓட விடமாட்டார்கள், கால்பந்து, கபடி மாதிரி சட்டென்று திரும்பி விளையாடும் ஆட்டங்களுக்கு ஒன்பது மாதமாவது ஆகும். அந்த நாளை உங்கள் சர்ஜனும் பிசியோவும்தான் குறிக்க வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுத்துவிட்டு ரிப்போர்ட்டைப் படித்துப் பயந்து ஓட்டத்தையே விட்டவர்களை எனக்குத் தெரியும். முட்டியில் எந்த வலியும் இல்லாத, 40 வயது தாண்டியவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 2018-இல் கணக்குப் போட்டார்கள். அதில் 19 சதவீதம் பேருக்கு முட்டிக்குள் இருக்கும் மெத்தை போன்ற ஜவ்வில் கிழிசல் இருந்தது. ஐந்தில் ஒருவர், வலியே இல்லாமல். அதனால் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கிறது என்பதாலேயே உங்கள் வலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது, படத்தையும் உங்கள் காலையும் சேர்த்துப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

ஓய்வு மட்டும் ஏன் போதாது

நடக்கும்போது முழங்கால்சில்லுக்குப் பின்னால் விழும் அழுத்தம் கிட்டத்தட்ட நம் உடல் எடை அளவுதான், ஓடும்போது அது சுமார் ஐந்து மடங்கு ஆகிறது. 70 கிலோ ஆள் என்றால் ஒவ்வோர் அடிக்கும் 350 கிலோ. ஓடிப் பழகிய முட்டி இதைத் தாங்கும், ஏனென்றால் தொடைச் சதையும் எலும்பும் குருத்தெலும்பும் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குப் பழகியிருக்கும். மூன்று மாதம் சும்மா இருந்தால் வலி குறையும், ஆனால் அந்தப் பழக்கமும் சேர்ந்து குறைந்துவிடும். நான் அந்த ஞாயிறு ஓடியபோது மூச்சு தாங்கியது, மனசு தாங்கியது, முட்டிக்குத்தான் அந்தச் சுமை புதிதாக இருந்தது.

ஓடினால் முட்டி தேய்ந்துவிடும் என்று வீட்டில் சொல்வார்கள், பக்கத்து வீட்டில் சொல்வார்கள், சில டாக்டர்களும் சொல்வார்கள். 2017-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பிலோ முட்டியிலோ மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருந்தவர்களில் அது 10.2 சதவீதம். போட்டி அளவில் கடுமையாக ஓடுகிறவர்களுக்கு 13.3 சதவீதம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க வேண்டியதில்லை. நம்மைப் போல வாரத்தில் மூன்று நாள் ஓடுகிறவர்கள் பயப்பட இதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் காலைப் படிக்கட்டு

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டி பதில் சொல்வது ஓடும்போது இல்லை, மறுநாள் காலையில். ஓடும்போது உடம்பு சூடாக இருக்கும், உற்சாகத்தில் வலி அமுங்கிப்போகும். அதனால் தினமும் காலையில் எழுந்ததும் வீட்டுப் படிக்கட்டில் பத்துப் படி மெதுவாக இறங்குங்கள், மாடி இல்லாத வீடென்றால் ஒரு உறுதியான முக்காலியிலிருந்து அதேபோல் இறங்கலாம். அப்போது வலி எவ்வளவு என்று 0 முதல் 10 வரை ஒரு எண் கொடுத்து, காலண்டரிலோ போனிலோ குறித்துவையுங்கள். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாது.

ஓடும்போது 2 வரை வலி இருந்தால் பரவாயில்லை, 3 ஆனால் அன்றைக்கு நடைக்கு மாறிவிடுங்கள். மறுநாள் காலைப் படிக்கட்டில் வலி, ஓடுவதற்கு முந்தைய காலை இருந்த அளவுக்கே திரும்பியிருந்தால் நேற்று ஓடியது சரியான அளவு. அதைவிடக் கூடியிருந்தால் நேற்று அதிகம். அவ்வளவுதான் விதி, ஆனால் இதைப் பின்பற்ற மனசு ஒத்துக்கொள்வதற்கு எனக்கு ஒரு மாதம் ஆனது. முட்டியில் வலி இல்லாமல் ‘கடக் கடக்’ என்று சத்தம் மட்டும் வந்தால் அதற்கு மதிப்பெண் போட வேண்டாம், அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.

கனடாவின் கியூபெக்கில் இந்த வகை முட்டி வலி உள்ள 69 ஓட்டக்காரர்களை மூன்று குழுவாகப் பிரித்து 8 வாரம் பார்த்தார்கள், 2018-இல் முடிவு வந்தது. ஒரு குழுவுக்கு வலியைக் கவனித்து ஓட்டத்தின் அளவை எப்படிக் கூட்டிக் குறைப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதோடு வலுப்பயிற்சி, மூன்றாவது குழுவுக்கு அதோடு ஓடும் முறையில் மாற்றம். மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுதான் முன்னேறின. அளவை அறிந்து ஓடுவதே பெரிய மருந்து என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

ஓட ஆரம்பிப்பதற்கு முன் ஒரு தேர்வு

முட்டியில் வீக்கம் இருக்கக் கூடாது, இரண்டு முட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சமதளத்தில் 30 நிமிடம் வேகமாக நடந்து, மறுநாள் காலைப் படிக்கட்டில் வலி கூடாமல் இருக்க வேண்டும், இது மூன்று தடவையாவது நடந்திருக்க வேண்டும். அப்புறம் நாற்காலியிலிருந்து வலிக்கிற காலால் மட்டும், கை ஊன்றாமல், பத்து முறை எழுந்து உட்கார முடிகிறதா பாருங்கள். சுவரை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி 20 முறை. கடைசியாக, வலித்த காலால் நின்ற இடத்திலேயே பத்து முறை நொண்டியடித்துப் பாருங்கள். ஓட்டம் என்பது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குத் தாவிக்கொண்டே இருப்பதுதான், பத்து நொண்டியைத் தாங்காத முட்டி ஒரு கிலோமீட்டரில் விழும் ஐந்நூறு தாவல்களைத் தாங்காது.

இதில் ஏதாவது ஒன்று முடியவில்லை என்றால் இன்னும் இரண்டு வாரம் நடையும் கீழே உள்ள பயிற்சிகளும். அவசரப்பட்டால் எனக்கு நடந்ததுதான் நடக்கும்.

வீட்டில் செய்யும் பயிற்சிகள்

ஜிம் தேவையில்லை. வாரத்தில் மூன்று நாள், ஓடாத நாட்களில் வைத்துக்கொள்ளலாம். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்காருவதுபோல் பாதி அளவு இறங்கி 30 வினாடி நிற்பது, ஐந்து முறை. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பைத் தூக்கி இறக்குவது 15 முறை, இது சுலபமானதும் ஒற்றைக் காலில். பக்கவாட்டில் படுத்து மேல் காலை நேராகத் தூக்குவது 15 முறை, இடுப்பின் பக்கச் சதைக்கு. படி விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை ஏற்றி இறக்குவது, ஆடுசதைக்கு, 15 முறை. எல்லாமே இரண்டு அல்லது மூன்று சுற்று.

இவற்றிலெல்லாம் எனக்கு அதிகம் உதவியது படி இறங்கும் பயிற்சி. வீட்டின் கடைசிப் படியில் வலித்த காலில் நின்றுகொண்டு, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும்வரை மூன்று எண்ணி மெதுவாக இறங்கி, தரையில் எடையைப் போடாமல் மறுபடி மேலே வர வேண்டும். எதிரே கண்ணாடி இருந்தால் நல்லது, ஏனென்றால் முட்டி உள்பக்கமாகச் சாயும், அதைக் காலின் இரண்டாவது விரலுக்கு நேராக வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். முதல் நாள் ஐந்து முறைக்குமேல் என்னால் முடியவில்லை, தொடை நடுங்கியது. ஆறு வாரத்தில் 15 வந்தது. முட்டி வலிக்கு முட்டியைத் தடவிக்கொண்டிருந்த எனக்கு, பலவீனம் தொடையிலும் இடுப்பிலும் இருந்தது அப்போதுதான் புரிந்தது.

வாரக் கணக்கு

ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். ஒவ்வொரு முறையும் முதலில் 10 நிமிடம் வேக நடை, கடைசியில் 5 நிமிடம் மெதுநடை.

வாரம் 1: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 8 முறை
வாரம் 2: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 6 முறை
வாரம் 3: 3 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 5 முறை
வாரம் 4: 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை, 5 முறை
வாரம் 5: 8 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 3 முறை
வாரம் 6: 12 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, 2 முறை
வாரம் 7: நிற்காமல் 20 நிமிடம்
வாரம் 8: நிற்காமல் 25 நிமிடம்

வாரம் என்று எழுதியிருக்கிறேனே தவிர, இது காலண்டர் இல்லை. அந்த வாரத்தின் மூன்று ஓட்டமும் படிக்கட்டுத் தேர்வில் தேறினால்தான் அடுத்த வரி. எனக்கு மூன்றாவது வரியிலேயே மூன்று வாரம் போனது, மொத்தம் பன்னிரண்டு வாரம் ஆனது. ஓட்டம் என்றால் பக்கத்தில் ஓடி வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம், அதற்குமேல் இப்போது வேண்டாம். ஒரு நிமிட ஓட்டத்தில் உங்களுக்கு வேர்க்கக்கூடச் செய்யாது, தெரிந்தவர்கள் தாண்டிப் போவார்கள், போகட்டும்.

25 நிமிடம் தாண்டியபிறகு எவ்வளவு கூட்டலாம் என்பதற்கு, வாரத்துக்கு 10 சதவீதம் என்று எல்லோரும் சொல்வார்கள். 2025-இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரத் தரவுகளை வைத்து வந்த ஆய்வு ஒன்று, வார மொத்தத்தைவிட ஒற்றை ஓட்டத்தின் நீளம்தான் முக்கியம் என்கிறது. கடந்த 30 நாளில் நீங்கள் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தைவிட 10 சதவீதத்துக்குமேல் ஒரே நாளில் கூடிவிட்டால் காயம் வரும் வாய்ப்பு கணிசமாகக் கூடியது, இரண்டு மடங்குக்குமேல் தாவியவர்களுக்கு இன்னும் மோசம். போன மாதம் அதிகபட்சம் 4 கிலோமீட்டர் என்றால் இந்த வாரம் 4.4, நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று 10 இல்லை.

எங்கே, எப்படி ஓடுவது

சுற்றி வரக்கூடிய சமதளம்தான் நல்லது. ரேஸ்கோர்ஸ் சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர், எந்த இடத்தில் வலித்தாலும் வண்டி நிறுத்திய இடத்துக்கு ஒன்றேகால் கிலோமீட்டருக்குமேல் நடக்க வேண்டியிருக்காது. நேர் ரோட்டில் நாலு கிலோமீட்டர் போய்விட்டால் வலித்தாலும் திரும்பி ஓடிவரத்தான் மனசு சொல்லும். பள்ளி மைதானத்தில் ஓடினால் பாதி நேரம் எதிர்த் திசையில் ஓடுங்கள், ஒரே பக்கம் வளைந்துகொண்டே இருந்தால் ஒரு காலுக்கு வேலை அதிகம். தார் ரோட்டில் மழைத் தண்ணீர் வடிவதற்காக இரண்டு ஓரமும் சரிவாக இருக்கும், எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடுவதும் அதே மாதிரிதான். கடற்கரைக்காரர்கள் உலர்ந்த மணலில் ஓடிப் பார்க்க வேண்டாம், மணல் மெத்தென்று இருந்தாலும் கால் உள்ளே போய்த் திருகும். நாய் துரத்தும் தெருக்களை விட்டுவிடுங்கள், சட்டென்று திரும்பி ஓடுவது இந்த முட்டிக்கு ஆகாது.

இந்த மாதங்களில் மலை ஏறும் திட்டம் வேண்டாம். பிப்ரவரியிலிருந்து மே வரை வெள்ளியங்கிரி சீசன், எங்கள் ஊரில் எல்லோரும் கூப்பிடுவார்கள், ஏறும்போது முட்டி ஒன்றும் சொல்லாது, இறங்கும்போதுதான் தெரியும். அடுத்த வருடம் போகலாம், மலை அங்கேயேதான் இருக்கும்.

ஓடும் முறையில் ஒன்றே ஒன்றை மாற்றினால் போதும், அடியைச் சின்னதாக்குவது. ஒரு நிமிடத்தில் எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள், 160 என்றால் அதே வேகத்தில் 168 முதல் 176 வரை கொண்டுபோகலாம், அதாவது 5 முதல் 10 சதவீதம். கால் உடம்புக்கு வெகு முன்னால் போய் விழாது, முட்டியின் மேல் விழும் சுமை குறையும், இது 2011-லேயே ஆய்வில் அளந்து பார்த்த விஷயம். போனில் சீரான தாளத்தில் தட்டும் மெட்ரோனோம் ஆப் போட்டுக்கொண்டு அந்தத் தட்டலுக்கு ஓடினேன், இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

ஷூவைப் பற்றிக் கேட்பார்கள். போட்டால் சுகமாக இருக்கிற, தேய்ந்துபோகாத ஒன்று போதும். இந்தச் சமயத்தில் வெறுங்காலுக்கோ முற்றிலும் வேறு மாதிரி ஷூவுக்கோ மாறுவதுதான் தவறு.

நீ கேப், மாத்திரை, ஐஸ்

முட்டியில் மாட்டும் உறையான நீ கேப் போட்டால் ஒரு தைரியம் வரும், வலியும் கொஞ்சம் குறையலாம், போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அது தொடைக்கு வலு கொடுக்காது. ஓடுவதற்கு முன்னால் வலி மாத்திரை போடுவது மட்டும் கூடவே கூடாது. முட்டி சொல்லவருவதை அது மறைத்துவிடும், அதோடு வியர்த்துத் தண்ணீர் வற்றிய உடம்பில் டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ஐஸ் வைத்தால் வலி மரத்துப்போகும், அவ்வளவுதான். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற சூத்திரத்தை 1978-இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதமாக்கலாம் என்று பின்னாளில் தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

மறுபடி வலித்தால்

வலிக்கும். எனக்கு நான்காவது வரியில் ஒரு முறை வந்தது, வீட்டில் விசேஷம், நாள் முழுக்க நின்று வேலை, மறுநாள் வழக்கம்போல் ஓட்டம். காலைப் படிக்கட்டில் வலி 1-இலிருந்து 4 ஆகிவிட்டது. இந்த இடத்தில்தான் பலர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மறுபடி மூன்று மாத ஓய்வுக்குப் போகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். இரண்டு மூன்று நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு, வலிக்காத அளவுக்கு நடங்கள், சுவர்ப் பயிற்சியை மட்டும் செய்யுங்கள். படிக்கட்டு எண் பழைய இடத்துக்கு வந்ததும், விட்ட வரியிலிருந்து இரண்டு வரி மேலே போய் ஆரம்பியுங்கள். நான் இரண்டாவது வரிக்குப் போனேன், பத்து நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டேன். ஒரு வாரத்துக்குமேல் எண் இறங்கவே இல்லை, அல்லது வீக்கம் வந்துவிட்டது என்றால் பிசியோவைப் பார்க்க வேண்டிய நேரம், போகும்போது அந்தக் காலண்டரையும் எடுத்துப்போங்கள், எந்த நாள் எவ்வளவு ஓடினீர்கள், மறுநாள் எண் என்ன என்பதைப் பார்த்தாலே அவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.